சகாய நிதிக்குச் சட்ட உரு வேண்டும்

பழைய மாணவர் ஒருவர் இறைவனடி எய்தினார் என்ற செய்தி கிடைத்ததும் நம்மவர் செய்வன பெரும்பாலும் மூன்று. செயற்குழு கூடி, இரண்டு நிமிடம் மௌனமாக நின்று, அனுதாபத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றும். சங்கத்தின் பெயரால் மலர்வளையம் ஒன்று மரண வீட்டிற்குச் செல்லும். குடும்பம் வசதியற்றது எனத் தெரியவருமாயின், நல்லெண்ணம் படைத்த ஒருவர் கையிற் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு கொழும்பு வீதி, திருகோணமலை வீதிக் கடைகளில் ஏறி இறங்குவார்.

இப் பட்டியல் முறையை நான் இழிவாகக் கருதவில்லை. எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்தமைக்கும், பிள்ளைகள் பள்ளியை விட்டு நில்லாமைக்கும் அதுவே காரணமாக இருந்திருக்கிறது. எனினும் பட்டியலுக்கு ஒரு குணம் உண்டு. இறந்தவரின் குடும்பத்துக்குள்ள தேவையை அது அளப்பதில்லை. இறந்தவருக்கு இருந்த புகழையே அளக்கிறது. நகரில் நாலு பேர் அறிந்த ஆசிரியர் மறைந்தால் தொகை தானாகவே திரளும். தோட்டத்து அலுவலகத்தில் முப்பதாண்டு கணக்கெழுதி, கூட்டங்களுக்கு வரவும் வசதியின்றி வாழ்ந்த ஒருவர் மறைந்தாலோ, பட்டியல் மூன்றாவது கடையிலேயே களைத்துப்போகும். கிடைத்த சிறு தொகைக்கும் அவருடைய மனைவி யார் யாருக்கு நன்றி கூறுவது என அறியாது எல்லோர் முன்னும் தலை குனிய வேண்டியவளாகிறாள். அவளுடைய கணவர் ஆண்டுதோறும் சந்தா செலுத்திய சங்கமன்றோ இது!

ஆகவே நம் பழைய மாணவரிடையே நிலையான பரஸ்பர சகாய நிதி ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதனுடன் கூடவே எழுந்துள்ள மற்றொரு பேச்சை என்னால் ஏற்க இயலவில்லை. “முதலில் பணம் சேரட்டும், சட்டப் பதிவு முதலியவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம், நாம் அண்ணன் தம்பிகள், நமக்குள் பத்திரம் எதற்கு?” என்று அன்பர் சிலர் கூறுகின்றனர். கேட்பதற்கு இனிய வார்த்தைகள்தாம். என் கருத்தோ இதற்கு நேர்மாறானது. சட்ட உரு முதலில் அமைய வேண்டும். ஒரு சதமும் அதன் பின்னரே சேர வேண்டும்.

அண்ணன் தம்பிக்குள் பத்திரம் எதற்கு என்போர், ஒரு காலத்தில் இம் மலைநாட்டின் அரிசி வணிகத்துக்கும் தோட்டங்களுக்கும் கடன் கொடுத்து வந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வழக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் தம் கிட்டங்கிகளுக்கு முகவராக அனுப்பியவர் பெரும்பாலும் உறவினரே, அல்லது ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளே. அப்படியிருந்தும் மூன்றாண்டுத் தவணை, சம்பளம், பொறுப்பு யாவும் சம்பளச் சீட்டில் எழுத்திலே வரையப்பட்டன. தவணை முடிந்ததும் கணக்கு ஒப்புவிக்கப்பட்டது. உறவு கெடலாகாது என்பதற்காகவே எழுதிக்கொண்டனர்.

பதிவு பெறாத சங்கம் என்றால் என்ன? அதற்குத் தலைவர் உண்டு, காரியதரிசி உண்டு, தனாதிகாரி உண்டு, கடிதத் தாளிலே அழகிய இலச்சினையும் உண்டு. ஆனால் சட்டத்தின் முன்னே அப்படி ஒரு ஆள் இல்லை. அதன் பெயரில் உறுதி முடித்து ஒரு பேர்ச் நிலம் வாங்க முடியாது. வங்கியிற் கிடக்கும் பணமும் உண்மையில் கையொப்பமிடும் இருவர் மூவரின் பொறுப்பிலேயே கிடக்கிறது. யாரேனும் கடனைத் திருப்பித் தராவிடில், சங்கம் தன் பெயரால் வழக்குத் தொடர இயலாது. உறுப்பினர் அனைவர் சார்பிலும் ஒருசிலர் வழக்காடுவதற்கு மன்றின் அனுமதியை நாட வேண்டும், மற்றையோர்க்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். முந்நூறு ரூபாக் கடனுக்கு இத்தனை சிரமத்தை எவர் மேற்கொள்வார்? எனக்குத் தெரிந்த சங்கம் ஒன்று, பெயர் வேண்டாம். அதன் தனாதிகாரி நேர்மையே வடிவானவர், திடீரென மாரடைப்பாற் காலமானார். கணக்கில் அவர் ஒப்பமும் இன்னொருவர் ஒப்பமும் சேர்ந்தாலன்றிப் பணம் எடுக்க வழியில்லை. இன்னொருவரோ வெளிநாடு சென்று ஆண்டுகள் பல ஆகியிருந்தன. பிறர் மரணத்துக்கு உதவவென்று வைத்த நிதி, அதனைக் காத்தவரின் மரணத்தன்று பூட்டுண்டு கிடந்தது.

இருந்தும் இல்லாதவராய் வாழ்வது எத்தகையது என்பதை மலையகத் தமிழருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்த பின், இம் மண்ணிலே பிறந்து இங்கேயே உழைத்தவர்கள் இலட்சக்கணக்கில் சட்டத்தின் கண்ணில் எந் நாட்டவரும் அல்லாதாராயினர். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து அவர்களைத் தொகையாகப் பங்கிட்டுக்கொண்டனர். நாடற்றவராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இலேதான் வந்தது. ஒரு துண்டுக் காகிதம் இல்லாமையால் காணி வாங்கவும் அரசாங்க உத்தியோகம் பெறவும் இயலாது நின்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மிடையே பலர் உளர். அத்தகைய நாம், நம் கையாலேயே தோற்றுவிக்கும் ஒரு சங்கத்தை நாடற்ற பிள்ளையாக விட்டுவைப்பது எங்ஙனம் பொருந்தும்?

இத்துறையிற் கண்டிச் சீமைக்கு ஒரு பெருமை உண்டு. அதனை நம்மவரிற் பலர் அறியார். இலங்கையின் கூட்டுறவு இயக்கம் முளைவிட்டது நமக்கு அணித்தாயுள்ள தும்பறைப் பகுதியிலேதான். 1906-இல் தெல்தெனியாவை அடுத்து ஒரு நாணய சங்கம் தொடங்கப்பெற்றது. வட்டிக்கடைக்காரரிடம் அகப்பட்ட விவசாயிகள், ஒருவருக்கொருவர் பிணையாக நின்று கடன் பெறுவதே அதன் நோக்கம்; ஜெர்மனியில் ரைபைசன் என்பார் 1860-களிற் காட்டிய வழி அது. அவ்வாண்டின் ஐப்பசிப் பக்கத்திலே, கடலுக்கு அப்பால் சென்னையில் ஆர்பத்நட் என்னும் பெரும் ஆங்கிலக் கம்பனி திடீரென முறிந்து, ஓய்வூதியக்காரரும் விதவைகளும் இட்டுவைத்த பணம் மாயமாய்ப் போயிற்று என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம். அவ் வீழ்ச்சியின் பின் 1907-இல் இந்தியன் வங்கி உருவாயிற்று. பெரிய பெயர் காவலாகாது என்பதைச் சென்னை அறிந்த அதே ஆண்டில், சிறிய மனிதர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள முயன்றனர் தும்பறையில்.

ஆயினும் அச் சங்கம் தோன்றியபோது அதற்கு இடம் கொடுக்கும் சட்டம் இந் நாட்டில் இல்லை. 1911-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கூட்டுறவு நாணய சங்கங்கள் கட்டளைச் சட்டம் வந்த பின்னரே இத்தகைய சங்கங்கள் வேர்கொண்டு பெருகலாயின. 1921-இலும் 1936-இலும் அச் சட்டம் திருத்தி அமைக்கப்பட்டு, இறுதியில் 1972-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டமாயிற்று. பழைய தெல்தெனியா நகரம் 1980-களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. மக்கள் மேட்டு நிலத்திற் புதிய நகர் கண்டனர். இயக்கமும் இடையிற் சோர்ந்து, 1978-இல் கேகாலை மாவட்டத்து வல்கமவில் கிரிவந்தெனிய என்பவர் முயற்சியால் ‘சணச’ என்ற பெயரில் மீண்டும் தளிர்த்தது.

வடக்கே நிகழ்ந்தது நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஐக்கிய நாணய சங்கங்கள் பரவியபோது அவற்றை நடத்தியோரிற் பெரும்பாலார் பாடசாலை ஆசிரியர்களே. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த திரு. வீ. வீரசிங்கம் அவ் வியக்கத்தின் தலைவர்களில் ஒருவராக விளங்கினார்; 1952-இல் வட்டுக்கோட்டைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றமும் சென்றார். யாழ் நகரிலுள்ள வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மூளாயில் 1930-களில் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நிறுவினர். அரசாங்கத்தையும் தனவந்தரையும் எதிர்பாராது, பங்குப் பணம் கட்டிய ஊர் மக்கள் தமக்கென வைத்தியரை நியமித்துக்கொண்டனர் என்றால், அதற்கு அன்பு மட்டும் போதியதாயிருக்குமா? நிலம் யார் பெயரில், சம்பளம் யார் பொறுப்பில், நட்டம் வந்தால் எவர் தாங்குவது என்பதெல்லாம் சட்டப்படி வரையப்பட்டிருந்தமையாலேயே அது இயன்றது. இந்துக் கல்லூரி அதிபர் ஒருவர் கணக்குப் புத்தகத்தைத் தம் கௌரவத்துக்குக் குறைவாகக் கருதவில்லை என்பதை நம் பட்டதாரி அன்பர்கள் குறித்துக்கொள்வார்களாக.

இனி, எந்தச் சட்டத்தின் கீழ் என்ற வினா. பிரதேச செயலகத்திலே ஒரு பதிவு செய்துவிட்டால் போதும் என்பது நம்மிடையே பரவலான எண்ணம். 1980-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை நிறுவனச் சட்டப் பதிவைப் பற்றியும் அவ்வாறே எண்ணுகின்றனர். அப் பதிவுகளுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவை ஒரு சங்கத்தைச் சட்டத்தின் முன் தனி ஆளாக்குவதில்லை. பாராளுமன்றத்தில் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்து கூட்டிணைப்பது கம்பீரமான வழி. நம் அலுவலுக்கு அது எலிக்கு யானைப் பொறி வைப்பது போலாம். 2007-ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாகவும் பதியலாம். ஆயின் ஆண்டறிக்கை, கணக்காய்வு, செயலாளர் எனச் செலவு தொடரும். சென்னையிலே 1872-இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதி கம்பனி உருவிலேதான் நிலைபெற்றது என்பது உண்மை. எனினும் அது பெரிய நகரத்தின் கடன் நிதி. நாம் நாடுவது வேறு.

எஞ்சுவன இரண்டு. ஒன்று, 1891-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கச் சங்கங்கள் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தின் நட்புறவுச் சங்கச் சட்டத்தைப் பின்பற்றி எழுந்த இது, நோய், முதுமை, மரணம் ஆகியவற்றில் உறுப்பினர்க்கு உதவும் சங்கங்களுக்கென்றே அமைந்தது. சொத்து நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் நிற்கும். மற்றது கூட்டுறவுச் சட்டம். இதன்படி பதிவான சங்கம் தொடர்ந்து வாழும் ஒரு கூட்டுத்தாபனம். தன் பெயரில் சொத்து வைத்திருக்கும், வழக்காடும், வழக்காடப்படும். உறுப்பினருக்கும் சங்கத்துக்குமிடையே பிணக்கு எழுந்தால் அது பதிவாளரின் தீர்ப்புக்குச் செல்லும். மாவட்ட நீதிமன்றத்திலே தலைமுறை கழிக்க வேண்டியதில்லை. தனக்குப் பின் பணம் யாரைச் சேரவேண்டும் என உறுப்பினர் பெயர் குறித்து வைக்கலாம். எல்லாவற்றினும் மேலாக, ஆண்டுதோறும் வெளியாரின் கணக்காய்வு உண்டு. 1987-இன் 13-ஆவது திருத்தத்துக்குப் பின் ஒரு மாகாணத்துள் அடங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் மாகாண அதிகாரத்துள் வருவதால், நாம் கொழும்புக்கு அலையவும் வேண்டியதில்லை. மத்திய மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தையே அணுகலாம். நான் கூட்டுறவுக்கே வாக்களிப்பேன். வேறு கருத்துடைய சட்டத்தரணிகள் நம் சங்கத்திற் பலர் உளர்; அவர்கள் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசட்டும்.

வெளியாரின் கணக்காய்வு என்றதும் சிலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். நம்மை நம்பவில்லையா என்பது அவர் கேள்வி. இங்கிலாந்திலே ஒரு காலத்தில் விநோதமான சட்டக் கொள்கை ஒன்று நிலவிற்று. பொதுப் பணத்திலே ஒவ்வோர் உறுப்பினருக்கும் பங்கு உண்டு. தன் பொருளைத் தானே ஒருவன் திருட முடியாது. ஆதலின், பதிவு பெறாத சங்கத்தின் பெட்டியை உறுப்பினன் ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடினால் அவனைத் திருடனெனத் தண்டித்தல் அரிதாயிருந்தது. 1868-இல் ஒரு தனிச் சட்டம் இயற்றித்தான் இதனை மாற்ற வேண்டியிருந்தது. நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை அவ்வளவு அப்பாவித்தனமானதன்று; கூட்டுடைமைக்காரன் செய்யும் கையாடலும் இங்கே குற்றமே. ஆனால் ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதனாற் போன பணம் மீண்டு வருமா? ஆண்டுக்கொரு முறை கணக்கைப் பார்க்க ஓர் அந்நியன் இருந்தால், நேர்மையான தனாதிகாரிக்கே அது முதலிற் பாதுகாப்பு. கைசுத்தமாகப் பணிசெய்து, ஊர் வாயில் விழுந்து நொந்தவர் பலர்.

சட்ட உரு சரியாயிருந்தும் கணக்குப் பிழையால் அழிந்த சங்கங்களும் உண்டு. அதே 1868-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஜோன் அப்சர்ச் என்னும் தொழிலாளர் ஒருவர் சகோதர சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றையோர் தலைக்கு ஒரு டாலர் இடுவர். திரண்ட தொகை குடும்பத்துக்குச் செல்லும். நம் ஊர்களிலுள்ள மரண உதவிச் சங்கங்களின் முறையும் ஏறக்குறைய இதுவே. எளிமையும் நியாயமும் உடையது போலத் தோன்றும். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். உறுப்பினர் 600 பேர். ஒரு மரணத்துக்குத் தலைக்கு 500 ரூபா எனக் கொள்வோம். குடும்பத்துக்கு மூன்று இலட்சம் ரூபா கிடைக்கும். தொடக்கத்தில் ஆண்டுக்கு நான்கு மரணம் நிகழுமாயின் ஒருவர் செலுத்துவது 2,000 ரூபா. இருபதாண்டின் பின், எல்லோரும் மூப்படைந்து, மரணம் பதினைந்தாகுமாயின் 7,500 ரூபா. அவ்வேளை முப்பது வயது இளைஞன் என்ன எண்ணுவான்? ‘இக் கிழவர்களுக்காக நான் ஏன் கட்ட வேண்டும்?’ என்று விலகுவான். நூறு இளைஞர் விலகினால், எஞ்சியோர் சுமை அப்படியே இருக்க, குடும்பம் பெறுவது இரண்டரை இலட்சமாகக் குறையும். அமெரிக்கச் சங்கங்கள் பலவற்றை இந்நோயே வாட்டியது.

ஆகவே மரணத்துக்கு மரணம் பட்டியல் தூக்கும் முறையைச் சட்டப் போர்வையிற் புகுத்துவதாற் பயனில்லை. சேரும் வயதுக்கேற்ற மாதச் சந்தா, தொடாது வைக்கும் ஒதுக்கு நிதி, குறித்த காலம் சந்தா செலுத்திய பின்னரே உரிமை என்னும் விதி ஆகியன யாப்பிலேயே இடம்பெற வேண்டும். கல்லூரியை விட்டு வெளியேறும் ஆண்டிலேயே இளைஞரைச் சேர்த்தல் இன்றியமையாதது. பதினெட்டு வயதில் சேருபவன் செலுத்தும் சிறு தொகை நாற்பதாண்டு வளர்ந்து நிற்கும். கணிதத் துறையில் வல்ல நம் ஆசிரியர்கள் இதற்கு ஓர் அட்டவணை அமைத்துத் தரலாம். அத்துடன் ஓர் எச்சரிக்கை: சேமிப்பு வைப்பு ஏற்று வட்டி கொடுக்கும் ஆசை, சங்கம் சற்று வளர்ந்ததும் தலை தூக்கும். அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதை 2011-ஆம் ஆண்டின் 42-ஆம் இலக்க நிதித் தொழில் சட்டம் தடுத்துள்ளது. நம் நிதி உறுப்பினருக்கு உதவும் நிதியாக மட்டும் தொடங்கட்டும்.

சிறியதாகத் தோன்றினும் பெரிய தொல்லை ஒன்றுண்டு. அது பெயர் பற்றியது. தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையிற் பிறிதொரு பெயர் என வாழ்ந்தோர் நம்மிற் பலர். இராமாயி என்பவள் ‘ரமாய்’ ஆகவும், பெருமாள் ‘பெரமல்’ ஆகவும் எழுத்தரின் பேனாவிலே உருமாறியதுண்டு. 1958-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியிலிருந்து தமக்குரிய பணத்தைப் பெறுவதற்கே, இவ்வெழுத்து வேற்றுமையால் சத்தியக்கடதாசியும் கையுமாக அலைந்த முதியோரைத் தோட்டப் பகுதியிற் கேட்டால் அறியலாம். பணம் இருந்தது, உரிமையும் இருந்தது; எழுத்து ஒத்துவரவில்லை. நம் நிதியில் ஒருவர் சேரும் நாளிலேயே அடையாள அட்டைப் பிரதியும், பெயர் குறிக்கப்பட்டவரின் விவரமும், பெயர் வேறுபாடு உளதாயின் அதற்குரிய சத்தியக்கடதாசியும் கோவையில் இடப்பட வேண்டும். மஹியாவ மயானத்திலிருந்து திரும்பும் ஒரு குடும்பத்திடம் அன்று மாலையே இவற்றைத் தேடச் சொல்வது கொடுமை.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் பற்றி ஒரு வார்த்தை. இலண்டனிலும் தொறொன்ரோவிலும் உள்ளோர் கல்லூரிக்கு வாரி வழங்குபவர். ஆனால் அவர்களுடைய வாழ்க்கை ஏற்பாடுகள் வேறு, அந்நாட்டுச் சட்டங்கள் வேறு. அவர்களை உறுப்பினராக்கி, நன்மை பெறும் உரிமையிலும் சிக்கவைப்பதைவிட, தனியான நம்பிக்கை நிதியம் ஒன்றை 1917-ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்துக்கு அமைய ஏற்படுத்தி, அவர்தம் நன்கொடையை அதிற் பெறுவது நன்று. சந்தா கட்ட இயலாத நிலைக்கு வந்துவிட்ட உறுப்பினரின் பங்கை அந் நிதியம் செலுத்தலாம். அப்போது வேலையிழந்த ஒருவர் வேலையிழந்த காரணத்தாலேயே நிதியினின்று தள்ளப்படும் அநியாயம் நேராது. ஆசிரியர்களையும் கல்லூரிச் சிற்றூழியர்களையும் உறுப்பினராக ஏற்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதை அறிவேன். ஏற்க வேண்டும் என்பதே என் துணிபு. நாற்பதாண்டு கல்லூரி மணியை அடித்தவர் பழைய மாணவர் அல்லர் என்று எந்த நாவாற் கூறுவது?

1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சங்கத்தைப் பதிவதற்குக் கேட்கும் குறைந்த எண்ணிக்கை பத்துப் பேர். விழா முடிந்து பந்தல் பிரிக்கப்படும் முன்னரே அப் பத்துக் கையொப்பங்களையும் பெற்றுவிடலாம். வரைவு விதிகளை ஆராய, சட்டத்தரணி ஒருவர், கணக்காளர் ஒருவர், தோட்டப் பகுதியிலிருந்து ஒருவர், கல்லூரியை விட்டு ஐந்தாண்டு நிரம்பாத இளைஞர் ஒருவர் ஆகியோரைக் கொண்ட சிறு குழுவை அடுத்த பொதுக்கூட்டத்தில் நியமிக்குமாறு நான் பிரேரிப்பேன். அக் குழு மூன்று மாதத்துள் அறிக்கை தர வேண்டும். அதுவரை எவரும் இந் நிதியின் பெயராற் பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சிடலாகாது.